பயத்தங்காய் வேரில் கொப்புளம்: மருந்து ஊற்றலாமா?

3 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

மலேசியாவின் சுங்கை சிப்புட், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. பின்பக்கம் பயத்தங்காய் போட்டிருக்கிறேன். ஒரு செடி வாடிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். பக்கத்து வீட்டு அண்ணன் "இது நூற்புழு, மருந்து ஊற்று, இல்லாவிட்டால் எல்லாச் செடியும் போய்விடும்" என்கிறார். இலை கொஞ்சம் வெளுத்திருப்பதால் யூரியாவும் போடச் சொல்கிறார். இரண்டையும் செய்யலாமா?

3 பிப்ரவரி, இரவு

மருந்து வேண்டாம். முதலில் ஒரு கொப்புளத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, நெம்பினால் உருண்டையாகக் கழன்று வந்தால் அது வேர்முடிச்சு, அதாவது காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா குடியிருக்கும் இடம். நூற்புழு வீக்கம் அப்படிக் கழலாது; வேரே அந்த இடத்தில் தடித்திருக்கும், பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும்.

கழன்ற முடிச்சை பிளேடால் இரண்டாக வெட்டி, உள்ளே என்ன நிறம் என்று எழுதுங்கள். அது தெரியும்வரை யூரியா மூட்டையையும் திறக்க வேண்டாம்.

வாடிய செடியின் தண்டு அடியையும் நீளவாக்கில் கீறுங்கள். பயத்தங்காய் திடீரென்று வாடினால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒன்று தண்டு ஈயின் புழு, இல்லாவிட்டால் உள்ளே பழுப்பு ஓடிய வாடல் நோய்.

4 பிப்ரவரி

படம் பார்த்தேன். முடிச்சுக்குள் நல்ல இளஞ்சிவப்பு. தண்டு அடியில் புழு குடைந்த வழியும் தெளிவாகத் தெரிகிறது. ஆக அந்தச் செடியைக் கொன்றது ஈ. முடிச்சு அதுவரை அந்தச் செடிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் இனம்தான். 1939-இல் ஜப்பானியரான குபோ அதை அடையாளம் கண்டார். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் பாக்டீரியாவின் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஆனால் அதே பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். செடி செய்து தரும் இந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, கெடுக்காத அளவில் உள்ளே நகர்த்துகிறது. வெள்ளையாக இருந்தால் வேலை தொடங்கவில்லை, அல்லது வேலை செய்யாத பாக்டீரியா. பச்சையோ பழுப்போ என்றால் முடிச்சுக்கு வயதாகிவிட்டது.

6 பிப்ரவரி

பீடோரிலிருந்து ஒரு தம்பி எழுதுகிறார்: "அப்படியானால் இதுவும் ஒரு தொற்றுதான், செடி பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதானே?"

இல்லை தம்பி. செடி கூப்பிடுகிறது. எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

பயறு வகை வேர்களுக்கு மண்ணில் நைட்ரஜன் போதவில்லை என்றால், ஃபிளேவனாய்டு என்ற வகைப் பொருள்களை வேர் கசியவிடுகிறது. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவை. சோயா வேரில் டெய்ட்ஸீன், ஜெனிஸ்டீன். குதிரைமசாலில் லூட்டியோலின், இதை 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் ஷேரன் லாங்கின் குழு கண்டுபிடித்தது. மண்ணில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்குள் நாட்-டி என்று ஒரு புரதம் இருக்கிறது. தனக்கேற்ற ஃபிளேவனாய்டு வந்து சேர்ந்தால் அது ஒரு மரபணு வரிசையையே இயக்கிவிடும். வேறு செடியின் கசிவு வந்தால் பெரும்பாலும் அசையாது.

இயங்கியதும் பாக்டீரியா பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலின் பெயர் நாட் காரணி. அதன் வடிவத்தை 1990-இல் பிரான்சின் தூலூஸ் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். கைட்டின் தெரியும் அல்லவா, இறால் ஓட்டிலும் பூஞ்சையின் சுவரிலும் இருப்பது? அதன் நான்கைந்து கண்ணிகள், ஒரு முனையில் கொழுப்பு வால், அங்கங்கே சில ஒட்டுகள். எந்த பாக்டீரியா எந்த ஒட்டை வைக்கிறது என்பதைப் பொறுத்தே எந்தச் செடி கேட்கும் என்பது முடிவாகிறது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. கைட்டின் துண்டு என்றால் செடிக்குப் பொதுவாக எதிரி. பூஞ்சை நோய் வருகிறது என்று அதை வைத்துத்தான் செடி உஷாராகிறது. நாட் காரணியைப் பிடிக்கும் ஏற்பிகளும் கைட்டினைப் பிடிக்கும் ஏற்பிகளும் ஒரே குடும்பத்துப் புரதங்கள். நண்பனுக்கும் எதிரிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு கொழுப்பு வாலும் சில ஒட்டுகளும்தான். அதைத் தவறாமல் பிரித்துப் பார்க்கிறது ஒரு பயத்தங்காய்ச் செடி.

நாட் காரணி மிக மிகச் சிறிய அளவு போதும். வேர்த்தூவியின் உட்கருவில் கால்சியம் ஏறி இறங்க ஆரம்பிக்கும், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில். பிறகு தூவியின் நுனி வளைந்து பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே ஒரு குழாய் வளரும். குழாயின் சுவரைக் கட்டுவது செடி. பாக்டீரியா அதற்குள் பெருகிப் பெருகி இறங்குகிறது. அது வந்து சேரும் முன்பே வேரின் தோலுக்குக் கீழே இருக்கும் அடுக்கில் செல்கள் பிரிந்து முடிச்சு கட்ட ஆரம்பித்துவிடும். வருகிறவனுக்கு முன்கூட்டியே இடம் தயாராகிறது. தொற்று நோயில் இப்படி நடக்குமா?

9 பிப்ரவரி

"மண்ணில்தான் பாக்டீரியா இருக்கிறதே, பிறகு ஏன் தோட்டத்தில் விதையோடு கறுப்புப் பொடி கலந்தார்கள்?" என்று கேட்ட அக்காவுக்கு.

நான் தோட்டத்தில் கண்டக்டராக (வேலையை மேற்பார்ப்பவர்) இருந்தபோது பால்மரத்தை, அதாவது ரப்பரை, விழுத்திச் செம்பனை போட்ட காலம். நிலம் வெறுமையாகக் கிடக்கும், ஒரு மழைக்கு மேல்மண் ஓடிவிடும். அதனால் கன்று நடும் முன்பே மூடுபயிர் விதைப்போம். பியூராரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசிமா, மூன்றும் கலந்து. ஆட்கள் எல்லாவற்றையும் கொடி என்றே சொல்வார்கள். விதைத்தோல் கடினம், சுடுதண்ணீரில் போட்டு எடுத்து ஆறவைக்க வேண்டும். அப்புறம் ரைசோபியம் கலந்த கறுப்புப் பொடியைப் பிசறி, கிறிஸ்மஸ் தீவுப் பாறைப் பொடியோடு விதைப்போம். அந்தப் பாறைப் பொடி பாஸ்பரஸுக்காக. முடிச்சு கட்டுவதற்குப் பாஸ்பரஸ் நிறைய வேண்டும்.

மண்ணில் பாக்டீரியா இருப்பது உண்மைதான். பயத்தங்காய், தட்டைப்பயறு போன்றவற்றுக்கு வெப்பநாட்டு மண்ணில் பொதுவாகவே ஆள் கிடைத்துவிடும். வீட்டுத் தோட்டத்துக்குப் பொடி தேவையில்லை. ஆனால் இருக்கிற பாக்டீரியா எல்லாம் ஒரே தரம் இல்லை. சில முடிச்சுக்குள் வந்து உட்கார்ந்தாலும் நைட்ரஜனைக் கொஞ்சமே பிடிக்கும். சென்ட்ரோசிமா போன்ற செடி ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் கறார். நல்ல வகையை விதையோடு சேர்த்து அனுப்பினால் முளைக்கும் வேருக்கு அதுதான் முதலில் பக்கத்தில் இருக்கும்.

பொடி உயிருள்ள பொருள் என்பதைப் பலர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஒரு தோட்டத்தில் பிசறிய விதையை மூடாத லோரியில் மதியம்வரை வெயிலில் விட்டுவிட்டார்கள். கொடி முளைத்தது, வெளிறிக்கிடந்தது. தோண்டிப் பார்த்தேன், முடிச்சு அங்கொன்று இங்கொன்று. அதற்குள் மேலேயிருந்து உத்தரவு, உரம் போடு என்று. பொடியில் இருந்த பாக்டீரியா உயிரோடு இருந்திருந்தால் அந்த உரத்துக்கு அவசியமே வந்திருக்காது.

எவ்வளவு கிடைக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் அகமுத்துவும் பிராட்டனும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், இளம் செம்பனைக்கு நடுவில் இருந்த மூடுபயிர் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜன் பிடித்தது. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. கணக்குப் போட்டால் 50 கிலோ மூட்டை ஆறரை வருகிறது. இதைப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்.

10 பிப்ரவரி

கொடிக்குள் பாம்பு இருக்குமே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இருக்கும். எலி இருக்கும், எலிக்காகப் பாம்பு இருக்கும். இளங்கன்றின் மேல் ஏறும் கொடியை இழுத்துவிடும் பெண்கள்தான் அதிகம் பயந்தார்கள், அந்தப் பயம் நியாயமானது. இப்போது பல இடங்களில் பார்க்கும் முக்கூனா பிராக்டியேட்டா இன்னும் வேகமாக ஏறும். அது இந்தியாவிலிருந்து வந்த கொடி. நம் தாழ்நிலத்தில் விதை கட்டுவது அபூர்வம் என்பதால் விதையை வெளியிலிருந்து வாங்குகிறார்கள், அல்லது தண்டு வெட்டி வளர்க்கிறார்கள்.

17 பிப்ரவரி

6-ஆம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது. அங்கே எழுதிய வேர்த்தூவி வழி சோயாவுக்கும் பயத்தங்காய்க்கும் சரி. கச்சானுக்கு (நிலக்கடலை) வழி வேறு. பக்கவேர் புடைத்து வெளியே வரும்போது தோலில் விரிசல் விழும் அல்லவா, பாக்டீரியா அதன் வழியாகவே நுழைகிறது. தூவி சுருள்வதும் இல்லை, குழாயும் இல்லை. கச்சானைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சுகள் பக்கவேர் கிளைக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், காரணம் இதுதான்.

இன்னும் ஒரு படி மேலே: நீரோரத்து நெட்டிச் செடி இனத்தில் சிலவற்றோடு சேரும் பாக்டீரியாக்களுக்கு நாட் காரணி செய்யும் மரபணுவே இல்லை என்று 2007-இல் தெரியவந்தது. ஆனாலும் முடிச்சு வருகிறது. ஆக இந்த உறவுக்கு ஒரே ஒரு மொழிதான் என்று யாரும் அடித்துச் சொல்ல வேண்டாம்.

25 பிப்ரவரி

பக்கத்து வீட்டு அண்ணன் நேரடியாகவே எழுதியிருக்கிறார். "யூரியா போட்டேன், இலை கரும்பச்சை, கொடி கூரை ஏறிவிட்டது. காய் கொஞ்சம் குறைவு. ஆனால் முடிச்சும் இல்லை, நோயும் இல்லை."

அண்ணே, முடிச்சு இல்லாததற்குக் காரணமே யூரியா. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறியதும் செடி கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. முடிச்சு செடிக்கு இலவசம் இல்லை. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 5 முதல் 10 கிராம்வரை கரிமம் செலவாகிறது, அதாவது இலை உழைத்துச் சேர்த்த சர்க்கரை. பக்கத்திலேயே நைட்ரேட் கொட்டிக்கிடக்கும்போது செடி ஏன் அந்தச் செலவைச் செய்யும்?

யூரியா போடாத செடியும் முடிச்சைக் கணக்கில் வைத்துத்தான் கட்டுகிறது. முதல் முடிச்சுகள் உருவானதும் வேர் ஒரு சிறிய புரதத் துண்டை மேலே அனுப்புகிறது. இலையில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்து, போதும் என்ற செய்தியைக் கீழே அனுப்புகிறது. முடிவு எடுப்பது வேர் இல்லை, இலை. இந்த ஏற்பி பழுதான சோயாவை ஆஸ்திரேலியாவில் கிரெஸ்ஹாஃபின் குழு 1985-இல் உருவாக்கிக் காட்டியது. நைட்ரேட் இருந்தாலும் வேர் முழுக்க முடிச்சு மொய்த்தது. செடி கொழுத்ததா? இல்லை, குட்டையாகத்தான் நின்றது. முடிச்சு கூடினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

உங்கள் கொடியில் காய் குறைந்ததும் இதே கதைதான், நைட்ரஜன் மிஞ்சினால் பயறு தழையாகவே போகும். மண் ரொம்பவும் செத்திருந்தால், முடிச்சு வேலை தொடங்கும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கொடுப்பதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பணத்தில் சுண்ணாம்பும் பாறைப் பொடியும் வாங்குங்கள். நம் பக்கத்து மண் பெரும்பாலும் புளிப்பு, பி.எச் 4, 5 என்றுதான் இருக்கும். புளிப்பு மண்ணில் இந்தப் பேச்சுவார்த்தை தொடக்கத்திலேயே தடுமாறும், பாக்டீரியாவும் தங்காது. நைட்ரஜன் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும், அதையும் புளிப்பு மண் பூட்டிவைக்கும். சுண்ணாம்பு போட்டால் இவை எல்லாமே கொஞ்சம் இளகும்.

2 மார்ச்

பீடோர் தம்பி மறுபடியும்: "உள்ளே வந்த பாக்டீரியா சாப்பிட்டுவிட்டு நைட்ரஜன் தராமல் இருந்தால்?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வேலைக்கு ஆள் சேர்த்ததோடு செடி விடுவதில்லை, தோட்டத்தைப் போல் இங்கேயும் தினமும் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) உண்டு.

2003-இல் டோபி கீர்ஸ், ஃபோர்ட் டெனிசன் என்ற ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டியது. சோயா முடிச்சுகளைச் சுற்றி இருந்த காற்றை எடுத்துவிட்டு, நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா நல்லதுதான், ஆனால் பிடிக்க நைட்ரஜன் இல்லை. செடியின் கணக்கில் அது வேலை செய்யாத ஆள். அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்தது, உள்ளே இருந்த பாக்டீரியாவின் பெருக்கம் ஏறக்குறைய பாதியானது. ஒரே செடியில் ஒரு முடிச்சுக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் குறைக்கிற அளவுக்கு நுணுக்கம்.

குதிரைமசால் இனம் இன்னும் கண்டிப்பு. சின்னச் சின்னப் புரதங்களை அனுப்பி பாக்டீரியாவை ஊதிப் பெரிதாக்கிவிடும், அது அதன்பின் பெருகவே முடியாது. முடிச்சு முடிந்தால் அதன் வாழ்வும் முடிந்தது. பயத்தங்காய், சோயா போன்றவற்றில் பாக்டீரியா பிழைத்து மண்ணுக்குத் திரும்ப முடியும். நட்பு நட்பு என்று நாம் மேடையில் பேசுகிறோம். இங்கே நட்பு இருக்கிறது, ஆனால் கணக்கும் கூடவே இருக்கிறது. அதனால்தான் இத்தனை கோடி ஆண்டுகள் நின்றிருக்கிறது என்பது என் எண்ணம்.

3 மார்ச்

செர்டாங்கில் விவசாயம் படித்த என் மகள் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்கச் சொன்னாள். செடி எதை வைத்து ஒவ்வொரு முடிச்சையும் அளக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. தண்டனை நடப்பது உறுதி, அதன் கருவிகள்தான் விவாதத்தில் இருக்கின்றன.

5 மார்ச்

சைவக்காரர் ஒருவர் லெக்ஹீமோகுளோபின் என்றதும் பதறிவிட்டார். பயறு சாப்பிட்டால் ரத்தம் சாப்பிட்ட மாதிரியா என்று. இல்லை ஐயா. அது செடி செய்யும் புரதம், அதுவும் வேரில். நாம் சாப்பிடுவது காய். ஆனால் வேடிக்கை பாருங்கள், அமெரிக்காவில் இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற கம்பெனி சோயாவின் இதே புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்து, செடிப் பொருள்களால் செய்த பர்கரில் மாமிச நிறத்துக்கும் ருசிக்கும் சேர்க்கிறது.

9 மார்ச்

பயறு குடும்பம் என்றால் எல்லாவற்றுக்கும் முடிச்சு உண்டா?

இல்லை. புளியமரம் அந்தக் குடும்பம், முடிச்சு இல்லை. சரக்கொன்றை அந்தக் குடும்பம், முடிச்சு இல்லை. வேர் தோண்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். 2018-இல் வந்த மரபணு ஒப்பீடுகளில், முடிச்சு கட்டும் செடிகளின் உறவினர் பலர் இந்தத் திறமையை வைத்திருந்து பிறகு இழந்தவர்கள் என்ற படம் கிடைத்தது. முடிச்சுக்கு அடிப்படையான நின் என்ற மரபணு பல கிளைகளில் உடைந்தோ காணாமலோ போயிருக்கிறது. மண்ணில் நைட்ரஜன் போதுமான இடத்தில் வாழும் மரத்துக்கு இந்தச் செலவு தேவைப்படாமல் போயிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். 25-ஆம் தேதி அண்ணனின் கொடியில் ஒரே பருவத்தில் நடந்தது அங்கே லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடந்திருக்கிறது.

தொட்டாச்சிணுங்கிக்கு முடிச்சு உண்டு. திடலோரத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், முள் கவனம். அதோடு சேர்வது பல இடங்களில் ரைசோபியமே இல்லை, முற்றிலும் வேறு கூட்டத்து பாக்டீரியா. 2001-இல்தான் இப்படி ஒரு கூட்டம் உண்டு என்பது வெளியானது. நாட் காரணி செய்யும் மரபணுக்கள் பாக்டீரியாவுக்கு பாக்டீரியா கைமாறக்கூடியவை, அதனால் இது முடிகிறது.

அவரைக்காய் பிரியர்களுக்கு ஒரு செய்தி. பாப்புவா நியூ கினியில் அவரை முடிச்சிலிருந்து 1965-இல் எடுத்த ஒரு பாக்டீரியா வகை, என்ஜிஆர் 234 என்று பெயர். பயறுக் குடும்பத்தில் 112-க்கும் மேற்பட்ட பேரினங்களோடு அது சேரும். பயறே இல்லாத பாராஸ்போனியா மரத்தோடும் சேரும். மற்ற பாக்டீரியாக்கள் சில வகை நாட் காரணிதான் செய்யும், இது பல விதமாகச் செய்து அனுப்புகிறது. 9 பிப்ரவரிக் குறிப்பில் சொன்ன அதே பிராட்டன், மலாயாவிலிருந்து ஜெனீவாவுக்குப் போன பிறகு நீண்ட காலம் ஆராய்ந்தது இதைத்தான்.

20 மார்ச்

பாகான் செராயிலிருந்து நெல் விவசாயி: "இதை நெல்லுக்குக் கற்றுக்கொடுக்க முடியாதா? உர மானியம் இல்லாத வருஷம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை."

நெல் பாதி பாடம் ஏற்கெனவே படித்த செடி. அதன் வேர் மைக்கோரைசா என்ற பூஞ்சையோடு சேரும், பாஸ்பரஸ் வாங்கிக்கொள்ளும். செடிக்கும் அந்தப் பூஞ்சைக்கும் இடையிலான உறவு 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. பூஞ்சை அனுப்பும் செய்திகளில் நாட் காரணியைப் போலவே கைட்டினும் கொழுப்பு வாலும் கொண்டவை உண்டு, வேரில் அதே கால்சியம் ஏற்ற இறக்கமும் உண்டு. பயறு இனம் ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பழைய வழியை எடுத்து பாக்டீரியாவுக்குத் திறந்துவிட்டது. ஆகவே கேட்கும் காது நெல்லுக்கு இருக்கிறது. இல்லாதது, கேட்டபின் முடிச்சு கட்டி, அதற்குள் ஆக்சிஜனை அளந்து, பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து, அம்மோனியாவை வாங்கும் ஏற்பாடு. தானியங்களில் இதைக் கொண்டுவர ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். நான் அதை நம்பித் தொடர்ந்து படிக்கிறேன், ஆனால் உங்கள் அடுத்த பருவத்துக்கு அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

அடுத்த பருவத்துக்கு மணிலா அகத்தியைப் பசுந்தாள் உரமாக விதையுங்கள். நடவுக்கு முன் இரண்டு மாதம் இடைவெளி கிடைத்தால் போதும். தண்ணீர் தேங்கிய வயலில் வேர்முடிச்சு மூச்சுத் திணறும். இந்தச் செடிக்குத் தண்டிலேயே முடிச்சு வருகிறது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே. அதோடு சேரும் அசோரைசோபியம் தண்டில் பக்கவேர் முளைக்கும் புள்ளிகளில் நுழைகிறது, கச்சான் பற்றிச் சொன்ன விரிசல் வழி போலத்தான். விதைத்த 45-50 நாளில், பூக்கும் முன், உழுது மடக்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் தண்டு நார் கட்டி மட்கத் தாமதமாகும். மடக்கிய உடனே நடாமல் ஒரு வாரமாவது விட்டு நடுங்கள், முதல் மேலுரத்தில் யூரியாவைக் குறைத்துப் போடுங்கள்.